கடிகாரம் எழுதிய சீட்டு

“காலைத் தூக்கு.”

“நேத்துதான்க்கா பாலிஷ் போட்டேன்.”

“பாலிஷை யார் கேட்டா? அடியைக் காட்டு.”

நெட்டையன் சுவரைப் பிடித்துக்கொண்டு, லாடம் அடிக்க வந்த குதிரையைப் போல ஒற்றைக் காலில் நின்றான். அக்கா குனிந்து அவன் ஷூவின் அடியைப் பார்த்தாள். குதிகாலில் ரப்பர் தேய்ந்து உள்ளே இருந்த துணி எட்டிப் பார்த்தது.

“மழைக்காலம். இதைப் போட்டுக்கிட்டுத் தெருவுல இறங்கினா நீ நடக்க மாட்ட, சறுக்கிக்கிட்டே போவ. ஸ்டோர்ல போய் வேற ஜோடி வாங்கு.”

“என் சைஸ் இல்லைங்கறாரு ஸ்டோர்காரரு.”

“உன் காலுக்கு அவர் படகுதான் செஞ்சு குடுக்கணும். போ, நான் சொன்னேன்னு சொல்லு.”

தினமும் காலையில் இந்தப் பரிசோதனை முடியாமல் அந்த அறையிலிருந்து யாரும் தெருவுக்குப் போக முடியாது. மாநகராட்சியின் வாகன நிறுத்தப் பிரிவில் அக்கா மேற்பார்வையாளர். அவளிடம் இருப்பவர்கள் எல்லோரும் நாள் முழுக்க நடக்கிறவர்கள். நேரம் தாண்டி நிற்கும் வண்டி, நிற்கக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டி, அடுத்தவர் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் வண்டி என்று பார்த்துப் பார்த்து அபராதச் சீட்டு எழுதிக் கண்ணாடியில் செருக வேண்டும். செருகும்போது கிடைக்கும் வசவுகளைச் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கே வேலை என்று யாராவது கேட்டால் “மாநகராட்சியில” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறவர்கள்தான் அந்தப் பிரிவில் அதிகம். அக்கா மாற்றமாட்டாள். பல் வைத்தியர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும்போது கேட்டால்கூட, எழுந்து உட்கார்ந்து சொல்வாள்.

“பார்க்கிங் சீட்டு எழுதறவங்க இருக்காங்களே, அவங்களுக்கு நான்தான் தலைவி. எங்க ஆளுங்க ஒரு நாள் லீவு போட்டா ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குள்ள நுழையாது. நீங்களும் உங்க வீட்டை விட்டு வெளிய வர முடியாது. இப்ப பல்லைப் பிடுங்குங்க.”

அந்தக் கூட்டத்தில் அக்காவுக்கு வலது கை, கடிகாரம்.

கடிகாரம் என்பது ஒரு பெண்மணியின் பட்டப்பெயர். முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவள். நாற்பதைத் தாண்டியவள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாத தெருக்களில், ஒரு வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறதா, நடுவில் போய்விட்டு வந்ததா என்று கண்டுபிடிக்க இவர்களிடம் ஒரு வழி உண்டு. சக்கரத்தில் காற்றடிக்கிற இடத்தில் ஒரு சின்னக் குழாய் துருத்திக்கொண்டிருக்கும் அல்லவா, அதற்கு இவர்கள் வைத்த பெயர் மூக்கு. முதல் சுற்றில் அந்த மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கடிகார முள்ளைப் படிப்பது போலப் படித்துக்கொள்வார்கள். “முன் மூக்கு நாலு, பின் மூக்கு பத்து.” இரண்டு மணி நேரம் கழித்து வரும்போதும் முன்னது நாலிலும் பின்னது பத்திலும் இருந்தால் வண்டி அசையவில்லை என்று அர்த்தம். போய்விட்டு வந்த வண்டியில் இரண்டு மூக்குகளும் பழைய இடத்திலேயே வந்து நிற்பது என்பது நடக்காத காரியம். “இப்பத்தான் வந்து நிறுத்தினேன்” என்று சாதிக்கிற வாய்களை எல்லாம் இந்த மூக்குகள்தான் அடைத்துக்கொண்டிருந்தன.

மற்றவர்கள் மூக்கைப் பார்த்துக் கையிலிருக்கும் கருவியில் ஏற்றுவார்கள். கடிகாரமும் ஏற்றுவாள், ஆனால் அவளுக்குக் கருவி தேவையில்லை. தெரு முழுக்க நிற்கும் சக்கரங்கள் அவள் தலைக்குள் மணி காட்டிக்கொண்டிருக்கும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு அணி தொடங்கப் போகிறார்கள், அதற்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும் என்று பேச்சு வந்தபோது அக்கா ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னாள். பிரிவின் தலைமை அதிகாரியை எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவர் முகவாயைத் தடவிக்கொண்டார்.

“அந்தம்மா நல்லா வேலை செய்வாங்கன்னு தெரியும். வேற பேரும் என் மேஜை மேல இருக்கு. நான் ஒண்ணே ஒண்ணுதான் பார்ப்பேன். ஆளுங்களை நடத்தப் போறவங்க எழுதின சீட்டு எதுவும் தப்புன்னு ரத்தாகியிருக்கக் கூடாது.”

“அவ எழுதினது ஒண்ணுகூட இல்ல சார். நீங்களே தேடிப் பாருங்க.”

“பார்த்துட்டேன். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும்.”

இது திங்கட்கிழமை நடந்தது. மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“அந்தக் கரைக்குப் போயிட்டா எங்களை எல்லாம் கண்டுக்க மாட்டீங்க கடிகாரக்கா,” என்றான் நெட்டையன்.

“இப்ப மட்டும் யார்ரா உன்னைக் கண்டுக்கறா? கண்ணு எட்டற உயரத்துலயா இருக்க நீ?”

“பதவி வரதுக்கு முன்னாடியே பேச்சு வந்துடுச்சு பாருங்க.”

கடிகாரம் சிரித்தாள். ஆனால் மறுநாள் உடைமாற்றும் அறையில் அக்காவுடன் தனியாக இருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

“நிஜமா கிடைக்குமாக்கா?”

“ஏன், சந்தேகமா?”

“பொண்ணுங்ககிட்டச் சொல்லிட்டேன். ஸ்கூல்ல அம்மா என்ன வேலைன்னு கேட்டா ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்குவாங்க. நேத்து பெரியவ நிமிர்ந்து உக்காந்து, அப்போ நீ ஆபீசராம்மான்னு கேட்டா. ஆமான்னுட்டேன். இனிமே இல்லைன்னு சொல்ல முடியாதுக்கா.”

“சொல்ல வேண்டியிருக்காது. போய் மழைக்கோட்டை எடு.”

புதன்கிழமை பிற்பகல் ஓர் ஆட்சேபணை வந்தது. அனுப்பியவர் யார் என்று பார்க்கும் முன்பே நெட்டையன் சொல்லிவிட்டான்.

“நம்ம ஆட்சேபணைதானே?”

அவர் பெயரே அவர்களிடம் ஆட்சேபணை என்று ஆகியிருந்தது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சீட்டு விழாத மாதம் கிடையாது, விழுந்த சீட்டுக்கு ஆட்சேபணை சொல்லாத சரித்திரமும் கிடையாது. ஒரு முறை, கைக்கடிகாரம் நின்றுபோய்விட்டது என்றார். இன்னொரு முறை, வண்டி தன்னுடையது இல்லை, தன் வண்டி மாதிரியே இருக்கும் வேறொன்று என்றார். பலகையில் எழுத்து பொடியாக இருக்கிறது, படிக்க முடியவில்லை என்று ஒரு முறை வந்தபோது அக்கா பொறுமையாகச் சொன்னாள். “அதை வேற யாராவது சொல்லலாங்க. கண்ணாடிக் கடைக்காரர் சொல்லக் கூடாது.”

எல்லாவற்றிலும் தோற்றார். தோற்கத் தோற்க உற்சாகம் கூடிக்கொண்டே போயிற்று. தோற்றவர் போல வெளியே போகவே மாட்டார், அடுத்த முறைக்கு அச்சாரம் கொடுத்துவிட்டுப் போகிறவர் போலத்தான் போவார்.

இந்த முறை சீட்டு எழுதியது கடிகாரம், செவ்வாய்க்கிழமை. அவர் சொன்னது பழைய பாட்டு: “வாடிக்கையாளர் ஒருத்தருக்குக் கண்ணாடி குடுக்கப் போயிட்டுத் திரும்பி வந்தேன். அதே இடம் காலியா இருந்தது, அங்கேயே நிறுத்தினேன்.”

“இதைக் கேட்டு மூக்கே சிரிக்கும்,” என்றான் நெட்டையன்.

முதல் கட்ட விசாரணை அக்காவுடையது. சீட்டோடு எடுத்த படங்களைத் திரையில் விரித்தாள். முன் சக்கரம், மூக்கு ஆறு. பின் சக்கரம், மூக்கு இரண்டு. முதல் சுற்றிலும் அதுதான், இரண்டாம் சுற்றிலும் அதுதான். சந்தேகமே இல்லை. கடைசிப் படம், தெருவின் நடுவிலிருந்து எடுத்தது. அந்த வண்டியும் அதை ஒட்டி நின்ற இன்னொரு வண்டியும் தெரிந்தன. தெரு மழையில் நனைந்து பளபளத்தது. செவ்வாய்க்கிழமை முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவே ஒரு பாட்டம் மழை அடித்துவிட்டு நின்றிருந்தது.

அக்கா படத்தைப் பெரிதாக்கினாள். பக்கத்து வண்டிக்கு அடியில் தரை பாய் விரித்தது போலக் காய்ந்து கிடந்தது. ஆட்சேபணையின் வண்டிக்கு அடியில் தரை முழுக்க ஈரம்.

மழை பெய்தபோது அந்த வண்டி அங்கே இல்லை.

அக்கா திரையை அணைத்தாள்.

வீட்டில் அவள் கணவர் சட்டைப்பையிலிருந்த ரப்பர் வாஷர்களை எடுத்து மேஜைமேல் கொட்டிக்கொண்டிருந்தார். குழாய் வேலை செய்கிறவர். சாப்பிட உட்கார்ந்ததும் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள்.

“வண்டிக்கு அடியில ஈரம் இருக்க ஆயிரம் காரணம் சொல்லலாமே,” என்றார். “ரேடியேட்டர் ஒழுகியிருக்கும்.”

“ஒழுகினா ஒரு இடத்துல ஒழுகும். இது அடி முழுக்க.”

“ஏசித் தண்ணி.”

“என்னங்க, நீங்க குழாய்க்காரர். ஒழுகின தண்ணிக்கும் பெஞ்ச தண்ணிக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாதா?”

“தெரியும். உனக்கு வேணும்னா தெரியாத மாதிரி இருக்கலாமேன்னுதான் சொல்றேன்.”

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அந்த ஆளே இதுவரைக்கும் பொய்யா சொல்லிக்கிட்டிருந்தவன்,” என்றார் அவர். “ஒரு தடவை நிஜம் சொன்னதுக்காக அந்தப் பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போடுவியா? வேற யாரு அடியைப் பார்க்கப் போறா?”

“யாரும் பார்க்க மாட்டாங்க.”

“அப்புறம் என்ன?”

“நான் பார்த்துட்டேனே.”

அவர் வாஷர்களைக் கையால் ஒதுக்கித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். “நாளைக்கு ரத்து பண்ணத்தான் போற. முகத்துலயே எழுதியிருக்கு. அப்போ இன்னைக்காவது சாப்பிடு.”

வியாழக்கிழமை காலை ஆட்சேபணை தலைவாரி, மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தார். கையில் சுருட்டிய பெரிய காகிதம். அக்காவின் அறை, மூன்று நாற்காலி போட்டால் கதவு திறக்காத அறை. கடிகாரம் சீருடையில் வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள். சீட்டு எழுதியவர் விசாரணையில் இருக்க வேண்டும் என்பது முறை.

“முதல்ல நீங்க சொல்லுங்க,” என்றாள் அக்கா, ஆட்சேபணையிடம்.

உண்மையில் சொல்ல வேண்டியவள் அக்காதான். அறைக்குள் நுழையும்போதே வாய்க்குள் தயாராக வைத்திருந்தாள். ஆனால் இவர் பேசி முடிக்கட்டும், அதுவரைக்கும் கடிகாரத்தின் பதவி அவளிடமே இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது.

ஆட்சேபணை காகிதத்தை விரித்தார். தெரு முழுவதையும் வண்ணப் பென்சிலால் வரைந்திருந்தார். கடை நீலம், வண்டி சிவப்பு, மரங்கள்கூடப் பச்சையில் இருந்தன.

“நான் இந்த வழியா வெளிய போனேன். இங்க திரும்பினேன். இந்த அம்புக்குறியைப் பாருங்க.”

“பார்க்கறேன்.”

“இப்போ இதை ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி கேள்வி கேட்பேன்.”

கடிகாரம் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த அச்சிட்ட புகைப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசிப் படத்தை எடுத்து, கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

“அது என் கடையில வாங்கினதுதானே?” என்றார் ஆட்சேபணை.

“ஆமாங்க.”

“நல்லாத் தெரியுதா?”

“நல்லாவே தெரியுது,” என்றாள் கடிகாரம். “அக்கா, இவர் சொல்றது நிஜம். நான் எழுதினது தப்பு.”

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“பக்கத்து வண்டிக்கு அடியில காஞ்சிருக்கு. இவர் வண்டிக்கு அடியில ஈரம். மழை பெய்யும்போது இவர் இங்க இல்ல. அதுக்கப்புறம்தான் வந்திருக்கார். மூக்கு ரெண்டும் எப்படியோ அதே இடத்துல வந்து நின்னுருக்கு.” படத்தை மேஜைமேல் வைத்து இவர்கள் பக்கம் திருப்பினாள். “மழை நாள்ல அடியைப் பார்க்கணும்னு எனக்குத் தெரியும்க்கா. மத்த வண்டிக்கெல்லாம் குனிஞ்சு பார்த்தேன். இவர் வண்டின்னதும் குனியல. இவர்தானேன்னு எழுதிட்டேன்.”

ஆட்சேபணை தன் வரைபடத்தையும் அந்தப் புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சீட்டு ரத்து,” என்றாள் அக்கா. “எங்க பேர்ல தப்பு. மன்னிச்சுக்குங்க.”

“மன்னிச்சுக்குங்க,” என்றாள் கடிகாரமும்.

“அவ்வளவுதானா?” என்றார் அவர்.

“அவ்வளவுதான்.”

“நான் இன்னும் பாதிகூடச் சொல்லலையே. வாடிக்கையாளர் வீட்டுக்காரம்மா சாட்சி சொல்லக் கீழ உக்காந்திருக்காங்க.”

“அவங்களுக்கு நன்றி சொல்லி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்க ஜெயிச்சுட்டீங்க.”

அவர் காகிதத்தைச் சுருட்டினார். சுருட்டிய பிறகும் எழுந்திருக்கவில்லை. கையில் பிடித்திருந்த பலூன் காற்றுப் போய்விட்ட முகம். கதவருகே போனதும் ஒரு நம்பிக்கை வந்தது.

“அப்போ போன மாசம் எழுதினது?”

“அது சரியான சீட்டுங்க,” என்றாள் கடிகாரம். “அன்னைக்குக் குனிஞ்சு பார்த்தேன்.”

“அதுக்கு ஒரு ஆட்சேபணை போடறேன்,” என்று அவர் கொஞ்சம் தெம்பாகவே படியிறங்கினார்.

கதவு மூடியதும் கடிகாரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“பெரியவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்கக்கா. என்னால முடியாது.”

“பொண்ணுங்ககிட்ட?”

“அதை நான்தான் சொல்லணும். இன்னைக்கே சொல்லிடறேன்.” எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டாள். “ரவுண்டுக்கு நேரமாச்சு.”

அக்கா பெரியவருக்குப் போன் போட்டாள்.

“கடிகாரம் எழுதின சீட்டு ஒண்ணு ரத்தாகியிருக்கு சார்.”

“நாளைக்குக் கையெழுத்துன்னு உங்களுக்குத் தெரியும். இந்த விசாரணையைத் திங்கக்கிழமை வெச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?”

“ஒண்ணும் குறைஞ்சிருக்காது சார். அவ்வளவு சுலபமா தள்ளிப்போட முடியுதேன்னுதான் பயமா இருந்தது.”

“யார் கண்டுபிடிச்சா? அந்தக் கண்ணாடிக்காரரா?”

“அவருக்கு அதைப் பார்க்கவே தெரியல. மரத்துக்குப் பச்சை அடிச்சுக்கிட்டு வந்திருந்தார். அவளேதான் கண்டுபிடிச்சா, அவ எடுத்த படத்துலயே.”

“நீங்க பார்க்கலையா?”

“நேத்தே பார்த்தேன்.”

“பின்ன நீங்கதானே சொல்லியிருக்கணும்?”

“சொல்லத்தான் போனேன் சார். அந்த ஆளைப் பேசவிட்டு, இன்னும் கொஞ்சம் போகட்டும், இன்னும் கொஞ்சம் போகட்டும்னு உக்காந்திருந்தேன். இழப்பு எனக்கில்ல, அவளுக்கு. எனக்கே வாய் வரல. அவ பார்த்ததும் சொல்லிட்டா. ஒரு நொடிகூட யோசிக்கல.”

“நான் வெச்ச நிபந்தனை உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. அந்த நிபந்தனைக்குப் பொருத்தமா ஆள் வேணும்னா, சீட்டே எழுதாத யாரையாவது பாருங்க. அவங்களுக்கு ரத்தே இருக்காது. என்கிட்ட வேற பேர் இல்ல சார். நாளைக்குக் கேட்டாலும் இதே பேர்தான், அடுத்த வருஷம் கேட்டாலும் இதே பேர்தான்.”

“என்னோட சண்டை போடறீங்களா?”

“பெருமை பேசறேன் சார். என் ஆளைப் பத்தி எனக்கு வேற எப்படிப் பேசறதுன்னு தெரியல.”

பெரியவர் போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை அணி முழுவதும் நனைந்த மழைக்கோட்டுகளை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது பெரியவரே படியேறி வந்தார். அவர் அந்த மாடிக்கு வருவது அபூர்வம். அவர் கடிகாரத்தைத் தேடிப் பார்த்தார்.

“ஏம்மா, அந்தக் கண்ணாடிக்காரரே கவனிக்கலையாமே. ஏன் சொன்னீங்க?”

கடிகாரம் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் காலுறை.

“அடியில ஈரமா இருந்தது சார்.”

அவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார்.

“திங்கக்கிழமை அந்தக் கரை ஆபீசுக்குப் போங்க. சாவி அங்க காவல்காரர்கிட்ட இருக்கும்,” என்றார். திரும்பிப் போகும்போது அக்காவின் அருகே நின்றார். “என் நிபந்தனையை மாத்திட்டேன். புதுசா என்னன்னு இன்னும் எழுதல.”

“அவசரமில்ல சார்.”

அவர் கடைசிப் படியைத் தாண்டும் வரை பொறுத்திருந்த நெட்டையன், “ஒத்தைக் கால் ஷூவோட பதவி வாங்கினது உலகத்துலயே எங்க கடிகாரக்காதான்,” என்றான். அறை முழுக்கச் சிரிப்பு. கடிகாரம் சிரிக்கவில்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா அவள் தோளில் கை வைத்து, யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டாள்.

“வீட்டுல என்ன சொன்ன?”

“நேத்து எல்லாத்தையும் சொன்னேன்க்கா. சின்னவதான், அப்போ நீ ஆபீசர் இல்லையான்னு கேட்டா. இல்லைன்னேன். அதுக்குப் பெரியவ, சும்மா இருடி, அம்மா ஆபீசர்தான்னு அவ தலையில ஒரு குட்டு வெச்சா.”

“சரி, மூக்கைச் சிந்து. திங்கக்கிழமை போனதும் முதல்ல எல்லார் ஷூவையும் பாரு.”

கடிகாரத்தின் தெருக்களுக்கு மாற்று ஆள் வரும்வரை அக்காவே நடப்பதாகச் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை பழைய சீருடையை எடுத்துப் போட்டபோது இடுப்பில் பொத்தான் எட்டவில்லை. கணவர் ஒரு கொக்கியை வைத்து இழுத்துக் கட்டிவிட்டார். குனிந்து முதல் சக்கரத்தைப் படித்தபோது முதுகு முறுக்கிக்கொண்டது. இருந்தாலும் அந்தத் தெருவில் கைவீசி நடக்க நன்றாகத்தான் இருந்தது. கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ரொட்டி வண்டி ஓட்டுகிறவர் இருக்கையில் சாய்ந்தபடியே கேட்டார்.

“எங்கம்மா அந்தம்மா, தினமும் சக்கரத்தோட பேசிக்கிட்டிருப்பாங்களே? லீவா?”

“லீவில்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம் இப்ப அவங்கதான் மேற்பார்வையாளர்.”

“அட கடவுளே. எங்க தம்பி கடை அங்கதான் இருக்கு.”

“தம்பிகிட்டச் சொல்லி வைங்க. அவங்க லேசுல தப்பா எழுத மாட்டாங்க. எழுதினா அவங்களே சொல்லிடுவாங்க. அந்த மாதிரி ஆள் கிடைக்கறது கஷ்டம். எங்க பிரிவுல எங்கிட்டதான் இருந்தாங்க.”

“உங்க சொந்தக்காரங்களா?”

“இல்ல. எங்கிட்ட வேலை பார்த்தவங்க.” அக்கா கருவியை எடுத்து நேரத்தைப் பார்த்தாள். “சரி, உங்களுக்கு நேரம் முடிஞ்சுபோச்சு. எடுக்கறீங்களா, எழுதட்டுமா?”

ரொட்டி வண்டி கிளம்பியது. அக்கா அடுத்த வண்டிக்கு நகர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.